எதைப் பிடிப்பது, எதை விடுவது: இலங்கை மலையகத்தில் நாள் போதாதவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விடிய நான்கரைக்கு அடுப்பு. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, சின்னதைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு (காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஓட்டம். பிறகு மலை, தேயிலைக் கொழுந்து நிறுவை, மறுபடியும் மலை. பொழுது சாய வீடு வந்தால் விறகு, தண்ணீர், சமையல். இடையில் சீட்டுக்காரர் வருவார், கோயில் கமிட்டி வரும், பக்கத்துக் காம்பராப் பிள்ளை படிவம் நிரப்பித் தரச் சொல்லி வந்து நிற்கும். தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கும் டவுனில் கடை வைத்திருப்பவருக்கும் வேலைகளின் பெயர்தான் வேறு, நெருக்கடி ஒன்றே.

நேரத்தைத் திட்டமிடுவது பற்றி வரும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை தனி அறையும் தனி மேசையும் கதவைச் சாத்தும் வசதியும் உள்ளவர்களுக்கானவை. காம்பரா வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் நம் லயத்தில் கதவைச் சாத்தினாலே ஏன் சாத்தினாய் என்று கேட்க ஆள் வரும். நம் நாளை நிரப்பும் சில்லறை வேலைகளில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் நேரில் வந்து கேட்டதால் நம் தலையில் ஏறியவை. அதனால் முக்கியமானதைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். கேட்டவரின் மனம் நோகாமல் மீதியை இறக்கி வைப்பது மறுபாதி. இந்த வழிகாட்டியில் அந்த மறுபாதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: எல்லாவற்றையும் கொப்பியில் இறக்குங்கள்

ஒரு பழைய கொப்பியின் கடைசிப் பக்கங்கள் போதும். தலையில் சுற்றும் வேலை ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பெரிது சிறிது பார்க்க வேண்டாம், வரிசையும் வேண்டாம். பக்கத்தில் இரண்டு கோடு போட்டு, ஒன்றில் ‘எப்போதைக்குள்’ என்றும் மற்றதில் ‘யார் கேட்டது’ என்றும் குறியுங்கள். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்காவைக் கற்பனை செய்வோம். அவர் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: மூத்தவளின் உயர்தரப் பரீட்சை விண்ணப்பம், அம்மாவின் சர்க்கரை கிளினிக், ஒழுகும் கூரைத் தகரம், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) புத்தகத்தில் பெயர்ப் பிழை, திருவிழாவுக்கு லயத்தில் காசு சேர்ப்பது, அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பலகாரம், மாதர் சங்கக் கணக்கு, சாமித் தட்டுக்குப் புதுத் திரை, மரக்கறிப் பாத்தி, பாடசாலை வட்ஸ்அப் குழுவில் வந்ததை மற்றத் தாய்மாருக்குச் சொல்வது, சின்னவனுக்கு அடையாள அட்டை.

‘யார் கேட்டது’ என்ற பக்கத்தை இப்போது வாசித்துப் பாருங்கள். திருவிழாக் காசு கமிட்டி கேட்டது. பலகாரம் அண்ணி கேட்டது. கணக்கு சங்கத் தலைவி கேட்டது. பெயர்ப் பிழைக்கும் அடையாள அட்டைக்கும் நேரே ஒருவர் பெயரும் இல்லை. யாரும் கேட்காததால்தான் அவை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன.

எழுதுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. முடிக்காத வேலைகள் மற்ற வேலைகளுக்கு நடுவே மனதில் வந்து தொந்தரவு செய்வதையும், அந்த வேலையை எப்போது எப்படிச் செய்வோம் என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டால் தொந்தரவு குறைவதையும் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் ஆய்வு செய்து காட்டினார்கள். வேலையை முடிக்காமலே மனப்பாரம் ஓரளவு இறங்குகிறது. இரவு தூக்கம் வராமல் புரள்கிறவர்கள் இந்த ஒன்றையாவது செய்து பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: சத்தம் போடுகிறதா, கனமாக இருக்கிறதா?

அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் 1954இல் ஓர் உரையில், அவசரமானது, முக்கியமானது என்று இரண்டு வகைப் பிரச்சினைகள் உண்டு, அவசரமானவை முக்கியமானவையாக இருப்பதில்லை, முக்கியமானவை அவசரமாக வருவதில்லை என்று ஒரு கல்லூரித் தலைவர் கூறியதாக எடுத்துச் சொன்னார். இன்று உலகம் முழுவதும் பயன்படும் நான்கு கட்டப் படம் அதிலிருந்து வளர்ந்தது. நமக்குக் கட்டம் வேண்டாம். ஒவ்வொரு வேலையிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை ஆறு மாதம் தொடாமல் விட்டால், பிறகு சரிசெய்ய முடியுமா?

திரை ஆறு மாதம் பழையதாகவே இருக்கலாம். பாத்தியை அடுத்த மழைக்குப் போடலாம். பரீட்சை விண்ணப்பத்தின் கடைசித் திகதி போனால் போனதுதான். சர்க்கரைக்குக் கிளினிக் தவறி, காலில் புண் வந்து ஆறாமல் போனால் திரும்ப வழியில்லை. திருத்த முடியாத கெடுதல் எதில் இருக்கிறதோ அது கனமான வேலை.

நம் ஊரில் கனமாக இருந்தும் சத்தமே போடாத வேலைகளில் முதலிடம் ஆவணங்களுக்கு. பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, தோட்டப் பதிவில் வேறொரு எழுத்து. வேலை செய்கிற காலமெல்லாம் இதனால் ஒரு குறையும் தெரியாது. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறலாம். அந்த வயதில் விண்ணப்பத்தைக் கொண்டுபோகும்போதுதான் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று நிரூபிக்க வேண்டி வரும். உழைத்துக் களைத்த உடம்போடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. நாற்பது வயதில் நான்கைந்து நாள் ஒதுக்கியிருந்தால் முடிந்திருக்கும்.

சின்னவனின் அடையாள அட்டையும் இதே ரகம். 15 வயதானதும் விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலை போகும் பிள்ளைக்கு அதிபர் ஊடாகவும், தோட்டத்தில் குடியிருப்பவருக்குத் தோட்ட அத்தியட்சகர் ஊடாகவும் விண்ணப்பத்தை உறுதிப்படுத்தலாம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய பிறகு ஓடுவதைவிடப் பிறந்தநாள் முடிந்த வாரமே அதிபரைப் பார்ப்பது நல்லது.

இரண்டாமிடம் மண்சரிவு ஆயத்தத்துக்கு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது: மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். சான்றிதழ்களையும் வங்கிப் புத்தகத்தையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரு பொலித்தீன் பையில் இறுக்கக் கட்டி வாசலோரம் வைக்கவும், எந்த வழியாக எங்கே போவது என்று பிள்ளைகளோடு பேசி வைக்கவும் ஒரு மாலை போதும். வெயில் காயும் நாளில் இது வேலையாகவே தெரியாது. அட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதத் தென்மேல் பருவமழைக்கு முன்னரும், பதுளைப் பக்கம் ஆண்டு இறுதி மழைக்கு முன்னரும் இதை முடித்துவிட வேண்டும்.

மூன்றாம் படி: மூன்றை மட்டும் எடுங்கள்

கனமானவை ஐந்தாறு தேறும். அவற்றில் மூன்றை அடுத்த மூன்று மாதத்துக்கு எடுங்கள். நம் அக்காவுக்கு மூத்தவளின் உயர்தரம், அம்மாவின் கிளினிக், ஈ.பி.எப். பெயர் என்று வைத்துக்கொள்வோம். கூரை? மழைக்கு முன்னால் ஒழுகும் இடத்தில் தற்காலிகமாக ஒரு தகரம் செருகிவிட்டு அடுத்த மூன்று மாதத்துக்குத் தள்ளலாம். தள்ளுவது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஆறையும் ஒரே நேரத்தில் தூக்கினால் ஆறும் பாதியில் நிற்கும்.

எப்போது எதை எடுப்பது என்பதற்குத் தோட்டத்தின் பருவத்தையும் பாருங்கள். கொழுந்து குவியும் வாரங்களில் உடம்பில் மிச்சம் இருக்காது. அந்த வாரங்களில் அலுவலக அலைச்சலை வைக்காமல், கொழுந்து குறையும் காலத்துக்கு அதை ஒதுக்குங்கள்.

நான்காம் படி: மீதியை விடும் நான்கு வழிகள்

வேலைகளை விடுவது என்றதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் உதறுவது என்று சிலர் நினைக்கிறார்கள். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதைப் பாருங்கள். வெட்டுவதற்கு முன் சில காலம் கொழுந்து எடுக்காமல் செடிக்கு ஓய்வு கொடுத்து, வேரில் மாச்சத்து சேர விடுகிறார்கள். சில தோட்டங்களில் வெட்டும்போதும் இலையோடு ஓரிரு கிளைகளை விட்டு வைக்கும் முறை உண்டு, புதுத் தளிர் வரும்வரை செடி அதில் உயிர் பிடித்திருக்கும். வேலைகளை வெட்டும்போதும் அப்படியே. நீங்கள் களைத்து விழுந்திருக்கும் நாளில் கோபத்தில் எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். உங்களுக்கு மகிழ்ச்சி தரும் ஒன்றிரண்டை, அது வெறும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தாலும், விட்டு வையுங்கள்.

முதல் வழி, முழுதாக நிறுத்துவது. புதுத் திரை, எல்லா வட்ஸ்அப் குழுவுக்கும் காலை வணக்கம், யாரும் வாசிக்காத அறிக்கைக்கு இரண்டாம் பிரதி. இவற்றை நிறுத்தினால் ஒரு மாதம்வரை யாருக்கும் தெரியவே தெரியாது. தெரியவில்லை என்றால் அது நிறுத்த வேண்டிய வேலைதான்.

இரண்டாவது, போதுமான அளவில் முடிப்பது. நோபல் பரிசு பெற்ற ஹேர்பர்ட் சைமன், மனிதர்கள் எல்லாவற்றிலும் ஆகச் சிறந்ததைத் தேடி முடிக்க இயலாது, போதுமானது கிடைத்ததும் நிறுத்துகிறார்கள் என்று 1950களில் விளக்கினார். நாம் அதைத் தெரிந்தே செய்யலாம். கல்யாணத்துக்கு ஐந்து வகைப் பலகாரத்துக்குப் பதில் முறுக்கு ஒன்று போதும். வகுப்பறைச் சுவரை வாரக்கணக்கில் அலங்கரிக்கும் ஆசிரியர், அந்த நேரத்தில் எழுத்துக் கூட்டத் தடுமாறும் நான்கு பிள்ளைகளோடு உட்காரலாம். பழைய அலங்காரம் இன்னொரு தவணைக்கு அப்படியே இருக்கட்டும். சாவு வீடு, கிளினிக், பிள்ளையின் பரீட்சை ஆகியவற்றில் இந்த வழி வேண்டாம்.

மூன்றாவது, கைமாற்றுவது. இதில் கவனம் தேவை. நம் வீடுகளில் கைமாற்றுவது என்றால் பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளையின் கையில் போகிறது. தண்ணீர், சின்னவனைப் பார்ப்பது, சமையல் எல்லாம் அவளிடம் சேர்ந்தால் நாம் விட்ட வேலை அவளுடைய படிப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பல தோட்டங்களில் ஆண்களின் வேலை பிற்பகலிலேயே முடிகிறது, கொழுந்து எடுக்கும் பெண்கள் மாலைவரை மலையில் நிற்கிறார்கள். விறகும் தண்ணீரும் முதலில் போக வேண்டிய கை எது என்று வீட்டில் வெளிப்படையாகப் பேச வேண்டும். ‘முடிந்தால் பாருங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. ‘கிழமை நாளில் தண்ணீர் உங்களுடையது’ என்று வேலையையும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொடுத்த பிறகு குறை சொல்லித் திருப்பி வாங்காதீர்கள். வாளி கொஞ்சம் சிந்தினால் சிந்தட்டும்.

நான்காவது, கேட்டவரிடம் போய்ச் சொல்லி இறக்குவது. இதுதான் கடினம். ஒரு மாலை கமிட்டி மாமா வாசலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“புள்ள, இந்த முறையும் நம்ம லயத்துக் காச நீதான் சேத்துத் தரணும்.”

“வாங்க மாமா, உக்காருங்க. எங்க வீட்டுக் காச இப்பவே தாரேன். சேக்குறதுக்கு மட்டும் இந்த முறை வேற யாரையாச்சும் பாருங்க மாமா. மூத்தவளுக்கு சோதனை வருது, ராவைக்கு அவளோட நான் இருக்கணும்.”

“நீ போனாத்தான் எல்லாரும் தருவாங்க.”

“கடைசி காம்பரா தம்பிகிட்ட நானே சொல்லி விடுறேன். தேரன்னைக்கு அன்னதானத்துக்கு விடிய வந்து நிக்கிறேன், அது என் பொறுப்பு.”

இதில் நடந்ததைக் கவனியுங்கள். அவரை உட்கார வைத்தாயிற்று. பங்குக் காசு உடனே கைக்கு வந்தது. காரணம் உண்மை, ஒரே வரி. மறுத்தது காசு சேர்க்கும் அலைச்சலை மட்டும், திருவிழாவை அல்ல. உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லியிருந்தால் அடுத்த நாள் காலை மலையில் பார்க்கும்போதே அது உடைந்திருக்கும், அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னாலும் எடுபடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்லப் பழகுங்கள் என்ற நகரத்து ஆலோசனையை அப்படியே எடுத்து வந்தால் நம் இடத்தில் கெடுதல். பிரசவ வலியோடு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு பாதைவரை ஓடியது லயத்து ஆட்கள்தான். மரண வீட்டில் கொட்டகை போடுவதும் தேத்தண்ணி ஊற்றுவதும் அவர்கள்தான். சாவு, நோய், ஆபத்து ஆகிய மூன்றும் வந்தால் கொப்பியை மூடி வைத்துவிட்டுப் போய் நிற்க வேண்டும். குறைக்க வேண்டியது அலைச்சலை. ஒரு வீட்டுக்கு நீங்கள் எந்த நாளில் போய் நின்றீர்கள் என்பது நினைவிருக்கும், எத்தனை பொறுப்பு ஏற்றீர்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

ஐந்தாம் படி: எடுத்த மூன்றுக்கு நேரம் குறியுங்கள்

நாள் குறிக்காத வேலை நடக்காது. ஈ.பி.எப். பெயர் என்று எழுதாமல், ‘செவ்வாய் மாலை பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்ப்பது’ என்று அடுத்த அடியை மட்டும் எழுதுங்கள். தேடிக் கண்டுபிடிப்பதே பலருக்குப் பாதி வேலை.

ஒரு வேலையை அரைகுறையில் விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோபி லெரோய் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். படிக்கும் பிள்ளைக்கு இது மிகவும் பொருந்தும். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் தனி மேசை கிடைக்காது, அமைதியை வீடு முழுவதும் சேர்ந்துதான் உண்டாக்க வேண்டும். இரவு 7 முதல் 9 வரை தொலைக்காட்சி இல்லை, போன் எல்லாம் சாமித் தட்டில், வருகிறவர்களை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்துப் பேசி அனுப்புவது. சில வாரங்களில் அக்கம் பக்கமும் அந்த நேரத்துக்குப் பழகிவிடும்.

ஆறாம் படி: நினைத்த நேரத்தைக் கூட்டுங்கள்

1994இல் வெளியான ஓர் ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் ஆய்வுக் கட்டுரையை முடிக்கச் சராசரி 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள். எடுத்தது சராசரி 55 நாள். நாமும் அப்படித்தான் கணிக்கிறோம். நுவரெலியாக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய்வர அரை நாள் என்று நினைத்தால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அன்று வேறு எதையும் வைக்காதீர்கள். புறப்படுமுன் போன் போட்டு, உரிய உத்தியோகத்தர் அன்று இருக்கிறாரா, என்னென்ன மூலப் பிரதி வேண்டும் என்று கேளுங்கள். நாள் பேர் (ஒரு நாள் கூலி) போகும் விஷயம், ஒரு போன் செலவைப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். டவுனுக்குப் போகும் நாளிலேயே மருந்து, கொப்பி, வங்கி எல்லாவற்றையும் சேர்த்து முடித்தால் மற்ற நாட்கள் மிஞ்சும்.

ஏழாம் படி: குலைந்த நாளில்

மழை, பாதை மூடல், பிள்ளைக்குக் காய்ச்சல். திட்டம் குலைந்து போகும். அன்று மூன்றில் ஒன்றை மட்டும், அதிலும் மிகச் சிறிய ஒரு அடியை மட்டும் செய்யுங்கள். கிளினிக் புத்தகத்தில் அடுத்த திகதியைப் பார்த்து வைப்பதும் ஒரு அடிதான். மறுநாள் இரண்டு மடங்காகச் செய்து ஈடுகட்ட முயலாதீர்கள்.

எட்டாம் படி: சம்பளத்தோடு சேர்த்து ஒரு பார்வை

மாதம் ஒருமுறை, 10ஆம் திகதிச் சம்பளக் கணக்கைப் பார்க்கும் இரவிலேயே கொப்பியையும் திறவுங்கள். பணமும் வேலையும் ஒரே பேச்சில் வந்தால் வீட்டில் எல்லோரும் உட்காருவார்கள். மூன்றில் எது எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். ஒன்று முடிந்திருந்தால் காத்திருந்ததில் ஒன்றை மேலே எடுங்கள், அக்காவுக்கு அது கூரை. இரண்டு மாதமாக எழுதப்பட்டும் யாரும் தொடாத சில்லறை வேலை ஏதும் இருந்தால், அடுத்த பக்கத்துக்குப் பெயர்த்து எழுதாமல் கோடு போட்டு அடித்துவிடுங்கள். அதைக் கேட்டவர் யார் என்று பக்கத்தில் எழுதியிருப்பீர்கள். மறுநாள் பிரட்டிலோ கடையிலோ அவரைப் பார்க்கும்போது, உங்களால் முடியாது என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், அவர் வேறு ஆளைப் பார்க்க நேரம் கிடைக்கும்.